கரைக் கணக்கு: கடலைப் பார்க்கவும் காசா?

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம். லீவுக்கு ராமேஸ்வரம் பக்கம் வந்துபோனவர்கள் டிக்கெட் காசைத் திட்டி எழுதியிருக்கிறார்கள். கரையில் இருக்கிறவர்கள் அந்தக் காசு எங்கே போகிறது என்று கேட்டு எழுதியிருக்கிறார்கள். ஒரு மீனவர் சங்கத்தில் 26 வருடம் கணக்கு எழுதியவள் நான். காசுப் பேச்சு என்றால் வாய் சும்மா இருக்காது. அதனால் இந்த இதழ் முழுக்க அதுதான். இறால் ஊறுகாய் ஏன் நுரைக்கிறது என்று கேட்ட முதுகுளத்தூர் அம்மா அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளவும். பெயர் போட வேண்டாம் என்று சிலர் கேட்டதால் எல்லோருக்குமே ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

கேள்வி (கோயம்புத்தூர் வாசகர்): அம்மா, குடும்பமாக நாலு பேர் வந்தோம். வண்டி நிறுத்தக் காசு, படகுக்குக் காசு, உள்ளே போகக் காசு. கடல் என்ன இவர்கள் அப்பன் வீட்டுச் சொத்தா? கடவுள் கொடுத்ததைப் பார்க்க டிக்கெட் வாங்கச் சொல்வது கொள்ளையில்லையா?

பதில்: கொள்ளையா இல்லையா என்பதை அப்புறம் பார்ப்போம். முதலில் நீங்கள் கொடுத்த காசைப் பிரித்துப் போடுவோம். மூன்று தலைப்புச் செலவை ஒரே வரியில் எழுதினால் எனக்குத் தூக்கம் வராது.

வண்டி நிறுத்தக் கொடுத்தது உள்ளாட்சிக்கோ, ஏலம் எடுத்தவருக்கோ போகிறது. அதற்கும் கடலுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. படகுக் காசு என்பது டீசல், ஓட்டுகிற தம்பியின் சம்பளம், படகைக் கரையேற்றிச் சுரண்டிப் பெயின்ட் அடிக்கிற செலவு, லைஃப் ஜாக்கெட். அது கூலி. மீதி ஒன்று இருக்கிறதே, உள்ளே போகக் கொடுத்தது, அது மட்டும்தான் கடலைக் காப்பாற்றவென்று வாங்குவது. சீட்டுகள் இன்னும் சட்டைப்பையில் கிடந்தால் எடுத்துப் பாருங்கள். மூன்றில் எது சின்னத் தொகை என்று நான் சொல்ல வேண்டியிருக்காது.

எதைக் காப்பாற்ற என்று கேட்பீர்கள். என் சின்ன வயதில் பவளப்பாறைக்கு எங்கள் பக்கம் ஒரே பெயர்தான், கல். கடப்பாரையோடு வள்ளத்தில் போவார்கள். உடைத்து ஏற்றி வந்து கரையில் குவிப்பார்கள். வெயிலில் காயக் காய வெளுத்துக்கொண்டே வரும். ரெண்டு நாளைக்கு அந்தப் பக்கம் மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் போக வேண்டும், கல்லுக்குள் இருந்த உயிரெல்லாம் செத்து அழுகிய நாற்றம். அப்புறம் லாரி வரும், சுண்ணாம்புக்குப் போகும். தனுஷ்கோடியில் இடிந்து நிற்கிற தேவாலயத்துச் சுவரைத் தொட்டுப் பார்த்திருப்பீர்கள், போட்டோவும் எடுத்திருப்பீர்கள். அதுவும் பவளக்கல்தான். ஒரு கோயில், ஒரு வீடு என்று எடுத்தபோது கடல் தாங்கியது. லாரி லாரியாகப் போனபோது தாங்கவில்லை. கீழக்கரைக்கு எதிரே இருந்த பூவரசன்பட்டித் தீவு, தூத்துக்குடிப் பக்கத்து விலாங்குசல்லித் தீவு, ரெண்டும் இப்போது தண்ணீருக்குக் கீழே. சுற்றி இருந்த பாறையை உடைத்ததும் அலையைத் தடுக்க ஆளில்லாமல் போனது அதற்குப் பெரிய காரணம்.

ராமேஸ்வரம் தொடங்கித் தூத்துக்குடி வரை இப்படி 21 தீவுகள் வரிசையாய்க் கிடந்தன. 1986இல் இவற்றையும் சுற்றியுள்ள கடலையும் சேர்த்து 560 சதுர கிலோமீட்டரைத் தேசியப் பூங்கா ஆக்கினார்கள். வேலி போட முடியாத பூங்கா. 2001இல் பவளத்தை வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தார்கள். புலி இருக்கிற அதே அட்டவணை. ஒரு தடவை என் கண் முன்னாலேயே ஒருவர் மணலில் ஒதுங்கிக் கிடந்த விரல் பருமன் பவளத் துண்டை எடுத்துப் பையனின் டவுசர் பையில் போட்டார், வீட்டு மீன் தொட்டிக்காம். படகுத் தம்பி பார்த்துவிட்டான். "சார், அதக் கீழ போடுங்க, புலிப்பல்ல எடுத்தாப்ல கேஸு" என்றான். அவர் சிரித்தார். இவன் சிரிக்கவில்லை. பையனே பையிலிருந்து எடுத்துப் போட்டுவிட்டான்.

இதையெல்லாம் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். தீவைச் சுற்றிவர ரோந்துப் படகுக்கு டீசல் வேண்டும். பாறையில் சிக்கிய அறுந்த வலையை முங்கி அறுத்தெடுக்க வேண்டும். ஏற்றுமதிக்கென்று வெளியிலிருந்து கொண்டுவந்து வளர்த்த கப்பாபைகஸ் பாசி குருசடைத் தீவுப் பக்கம் பவளத்தின் மேல் போர்வை மாதிரி படர்ந்தது. அதைக் கையால்தான் பிடுங்க வேண்டியிருந்தது, அதுவும் திரும்பத் திரும்ப. நீங்கள் கொடுத்த அந்தச் சின்னச் சீட்டுக்கு வேலை இதுதான். அந்த வேலைக்குத்தான் போகிறதா என்று கேட்டீர்களானால் அது சரியான கேள்வி. அந்தக் கேள்வியைக் கேட்டவர் கோயம்புத்தூர்க்காரர் இல்லை, எங்கள் கரைக்காரிதான். அடுத்து அவள் கடிதம்.

கேள்வி (பாம்பன் பக்கம், கல்லூரி மாணவி): பெரியம்மா, எங்கம்மா பாசிக்கு, அதாவது கடல்பாசி பறிக்க, போகிறவர். தீவுக்குப் பக்கத்தில் போனாலே விரட்டுகிறார்கள். டிக்கெட் வாங்கிய டூரிஸ்ட்டை அதே தீவுக்குப் படகில் கூட்டிப் போகிறார்கள். காசு கொடுத்தவனுக்குத் தீவு, காலங்காலமாய்ப் போனவளுக்கு அபராதமா?

பதில்: உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன், மகளே. எங்கம்மாவும் பாசிக்காரிதான். கிழிந்த சேலையைக் கீற்றுக் கீற்றாய்க் கிழித்து விரலில் சுற்றிக்கொள்வாள். காலில் தகரத்தட்டு, கண்ணுக்கு முகக்கண்ணாடி, இடுப்பில் வலைப்பை. மரிக்கொழுந்து, கஞ்சிப்பாசி, கட்டக்கோரை, எது எந்தப் பாரில் (கடலடிப் பாறைத் திட்டில்) இருக்கும் என்று தண்ணீர் நிறத்தை வைத்தே சொல்வாள். சாயங்காலம் வந்தால் விரல்நுனி ஊறி வெளுத்து, நகக்கண்ணில் உப்பு ஏறி, சோறு பிசைய முடியாது. என்னைப் பிசைந்து தரச் சொல்வாள். எட்டாம் வகுப்பு வரை தினமும் ரெண்டு தட்டுச் சோறு பிசைந்த கை இது. உன் வீட்டிலும் அப்படித்தான் இருக்கும்.

டூரிஸ்ட் தீவுக்குப் போகிறதைப் பார்த்து உனக்கு வயிறு எரிவது நியாயம். ஆனால் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். போன வருடம் எண்பதை நெருங்குகிற அம்மாவைக் கண்ணாடிப் படகில் கூட்டிப் போனேன். வாழ்நாளெல்லாம் முங்கிய கடலை உட்கார்ந்துகொண்டு பார்ப்பது அதுதான் அவளுக்கு முதல் தடவை. கண்ணாடியில் நெற்றி படக் குனிந்தவள் ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், "முன்னாடி இங்கன மான்கொம்பு கணக்கா நின்டுச்சு. எம்புட்டு போச்சு பாரு" என்றாள். சற்றுப் பொறுத்து, "நாங்களும் மிதிச்சிருக்கோம்ல" என்றாள். பாசியை வேரோடு பறித்தால் மறுபடி முளைக்காது என்பதும், தகரத்தட்டு பட்டால் பவளம் நொறுங்கும் என்பதும் பாசிக்காரிகளுக்குத் தெரியாத சங்கதி இல்லை. வயிறு முன்னால் நின்றது, அவ்வளவுதான்.

தெரிந்ததால்தான் அவர்களே கட்டுப்பாடும் போட்டுக்கொண்டார்கள். சின்னப்பாலம் லட்சுமி மூர்த்தி உனக்குத் தெரிந்தவராகவே இருப்பார். மாதத்தில் 12 நாள் மட்டும் பாசிக்குப் போவது, மீன் இனப்பெருக்கக் காலத்தில் 45 நாள் ஒரேயடியாய் நிறுத்துவது என்று இந்தக் கரைப் பெண்கள் முடிவெடுத்தார்கள். அதில் முன்னால் நின்றதற்காக 2015இல் அமெரிக்காவின் சீகாலஜி அமைப்பு அவருக்கு விருது கொடுத்தது. விருது வந்த செய்தி எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. 45 நாள் அடுப்பு எப்படி எரிந்தது என்று யாரும் எழுதவில்லை.

நான் கணக்குக்காரியாகச் சொல்கிறேன்: அந்த 45 நாள் கூலி இருக்கிறதே, அதுவும் கட்டணம்தான். கோயம்புத்தூர்க்காரர் டிக்கெட் ஜன்னலில் கொடுத்தது மாதிரி உங்கம்மாவும் கடலுக்குக் கொடுத்திருக்கிறாள், பல மடங்கு. அவருக்கு ரசீது இருக்கிறது, உங்கம்மாவுக்கு இல்லை. வரவுப் பக்கத்தில் ஒருத்தர் பெயரை எழுதி இன்னொருத்தர் பெயரை விட்டால் அந்தப் பேரேடு தப்பு. எங்கள் சங்கத்தில் ஒரு தணிக்கையாளர் வருவார், அவராயிருந்தால் அந்தப் பக்கத்தைச் சிவப்பு மையில் சுழித்துத் திருப்பி அனுப்பியிருப்பார்.

என்ன செய்யலாம்? நேபாளத்தில் 1996லிருந்து ஒரு விதி இருக்கிறது. தேசியப் பூங்காவின் வருமானத்தில் நூற்றுக்கு 30லிருந்து 50 வரை சுற்றியுள்ள கிராமங்களுக்கு. ருவாண்டாவில் கொரில்லா பார்க்க ஒருவருக்கு 1,500 டாலர். 2017இல் அந்தக் கட்டணத்தை ஏற்றியபோதே, பூங்கா வருமானத்தில் ஊர்க்காரர் பங்கை நூற்றுக்கு 5லிருந்து 10 ஆக்கினார்கள். இங்கே மீன்பிடித் தடைக்காலம் 61 நாளுக்கு அரசு நிவாரணம் கொடுக்கிறது. பாசிக்காரிகள் தாங்களாக நிறுத்துகிற 45 நாளுக்கு நுழைவுக் கட்டணத்திலிருந்து ஒரு பங்கு கொடுத்தால் என்ன? இதை நான் போகிற கூட்டத்தில் எல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். மைக்கை வாங்கிவிடுவார்கள்.

அப்புறம், கட்டுப்பாடு என்றால் எல்லோருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். உங்கம்மா கால் படக் கூடாத பாரில் செல்ஃபிக்காரர் காலும் படக் கூடாது. இதை எழுத்தில் கேள். எழுத்தில் கேட்டால்தான் எழுத்தில் பதில் வரும்.

அன்றைக்குப் படகு திரும்பும்போது அம்மா டிக்கெட் விலை கேட்டாள். சொன்னேன். "இதுல பாசிக்காரிக்கு எம்புட்டு?" என்றாள். படகுத் தம்பி வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தான்.

கேள்வி (மதுரை மாணவர்): வெளிநாடுகளில் இப்படிக் கட்டணம் வாங்குகிறார்களா? கல்லூரியில் கட்டுரை எழுத வேண்டும்.

பதில்: கட்டுரையை நானே எழுதிக் கொடுக்க வேண்டும் என்கிறாய். சரி.

கலாபகோஸ் தீவுகளில் 1998லிருந்து வெளிநாட்டுப் பயணிக்கு 100 டாலர். 2024 ஆகஸ்ட் 1 முதல் 200. சொந்த நாட்டுக்காரரான ஈக்வடார் மக்களுக்கு 30. பசிபிக்கில் பலாவ் என்ற தீவு நாடு 2018லிருந்து 100 டாலரை விமான டிக்கெட்டுக்குள்ளேயே சேர்த்துவிட்டது, கவுன்டரில் நின்று சண்டை போட வழியே இல்லை. பூட்டான் 2022இல் ஒரு நாளைக்கு 200 டாலர் என்று ஏற்றியது. ஆள் வரத்துப் படுத்ததும் அடுத்த வருடமே 100 ஆக இறக்கியது. நமக்கு, அதாவது இந்தியருக்கு, அங்கே ஒரு நாளைக்கு 1,200 ரூபாய்.

எனக்குப் பிடித்த கதை பொனேர். கரீபியன் கடலில் நெதர்லாந்தைச் சேர்ந்த குட்டித் தீவு. 1979இல் சுற்றியுள்ள பவளக் கடலைப் பூங்கா என்று அறிவித்தார்கள். தொடக்கத்தில் வந்த நன்கொடை தீர்ந்ததும் காவலுக்கு ஆள் இல்லை, படகு இல்லை. பூங்கா காகிதத்தில் மட்டும் இருந்தது. 1992இல் கடலுக்குள் முங்கிப் பார்க்க வருகிற ஒவ்வொருவரிடமும் வருடத்துக்கு 10 டாலர் என்று வைத்தார்கள். கொடுத்தவருக்கு ஒரு பிளாஸ்டிக் வில்லை. அதை முங்கும் உடுப்பில் தொங்கவிட்டுக்கொள்ள வேண்டும், அதில்லாமல் தண்ணீரில் இறங்கக் கூடாது என்று வைத்திருந்தார்கள். முங்க வருகிறவர்கள் முகம் சுளிப்பார்கள் என்று பயந்தவர்கள் உண்டு. அப்படி ஒன்றும் நடக்கவில்லை. பூங்கா அந்தக் காசில்தான் எழுந்து நின்றது. அந்த வில்லையைக் கவனி. கொடுத்தவர் கையில் ஒரு அத்தாட்சி, கேட்கிறவர் கண்ணுக்கும் தெரிகிறது. நம் ஊரில் டிக்கெட்டைக் கிழித்துப் பாதியைக் கடலிலேயே போடுகிறோம்.

கேள்வி (ராமேஸ்வரம் ஆட்டோ ஓட்டுநர்): அக்கா, நீங்கள் பாட்டுக்குக் கட்டணம் வை, கட்டணம் வை என்று எழுதுகிறீர்கள். காசு ஏற்றினால் கூட்டம் குறையும். எங்கள் சவாரி என்னாவது?

பதில்: தம்பி, கோயிலில் 22 தீர்த்தம் ஆட சீட்டு வாங்கித்தானே வரிசையில் நிற்கிறார்கள்? அந்தச் சீட்டுக்காக ஒருத்தராவது பாதி வழியில் திரும்பிப் போனதைப் பார்த்திருக்கிறாயா? ஒவ்வொரு கிணற்றடியிலும் ஒருத்தர் வாளியோடு நிற்கிறார், தலையில் தண்ணீர் விழுகிறது, கொடுத்த காசு நனைந்து தெரிகிறது. அதனால் யாரும் முணுமுணுப்பதில்லை.

உன் பயத்தில் ஒரு பாதி நிஜம். அதை மறைக்க மாட்டேன். காசியிலிருந்து மணல் எடுக்க வருகிற கிழவியிடம் அக்னி தீர்த்தக் கரையில் நின்று சுற்றுச்சூழல் கட்டணம் கேட்டால் நானே சண்டைக்கு வருவேன். கடலில் குளிக்கவும், பிண்டம் வைக்கவும், கரையில் உட்கார்ந்து சுண்டல் தின்னவும் காசு கூடாது. தனுஷ்கோடியில் இன்றும் கொட்டகை போட்டு மீன் பிடித்துப் பிழைக்கிறவர்கள் வீட்டுக்கு வரும் சொந்தக்காரரிடமும் கூடாது. தீவுக்குப் படகில் போகிறவர், கண்ணாடிப் படகில் ஏறுகிறவர், அலையாத்திக் காட்டுக்குள் துடுப்புப் போடுகிறவர், இவர்களிடம் வாங்கலாம். அவர்கள் வேண்டுமென்றே தேடி வருகிறவர்கள்.

தனுஷ்கோடிக்கு அப்பால் நிலம் முடிகிற அரிச்சல்முனை வேறு தலைவலி. 2017இல் முனை வரைக்கும் சாலை போட்டார்கள். அதற்கு முன்னால் மணலில் வேனில் குலுங்கிப் போனவர்கள் கொஞ்சம் பேர்; இப்போது சாலை முழுக்க வண்டி, ரெண்டு பக்கமும் தண்ணீர் பாட்டில். அங்கே தலைக்கு இவ்வளவு என்று வாங்குவதைவிட வண்டிக்கு இவ்வளவு என்று வாங்கலாம் என்பேன். ஆட்டோவுக்கு மட்டும் கிடையாது என்று எழுதிவிடுகிறேன், சந்தோஷமா? நீ ஏற்றிப் போகிற ஆளிடம் பாட்டிலைத் திரும்ப வண்டியிலேயே போடச் சொல். அதுதான் உன் கட்டணம்.

கேள்வி (திருச்சி வாசகி): படகில் போனால் டால்பின், கடல்பசு எல்லாம் பார்க்கலாமா? பார்க்காவிட்டால் பணம் திரும்பக் கிடைக்குமா?

பதில்: கிடைக்காது. ஆவுளியாவோடு யாரும் ஒப்பந்தம் போடவில்லை. (எங்கள் பக்கம் கடல்பசுவுக்கு ஆவுளியா என்றுதான் பெயர்.) என் அப்பா நாற்பது வருடம் கடலுக்குப் போனவர், உயிரோடு அதைப் பார்த்த தடவைகளை ஒரு கைவிரலில் எண்ணிவிடுவார். அது கடல்தாழையை மேய்ந்துவிட்டு மூச்சுக்கு மட்டும் மேலே வரும் பிராணி. எஞ்சின் சத்தத்தோடு தேடிப் போனால் மேயாமல் ஓடும். 2022இல் வடகடலில், அதாவது பாக் விரிகுடாவில், தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரைக்கு எதிரே 448 சதுர கிலோமீட்டரை அதற்கென்றே ஒதுக்கியிருக்கிறார்கள். நீங்கள் பார்க்காமல் இருப்பதற்கும் சேர்த்துத்தான் காசு என்று வைத்துக்கொள்ளுங்கள். டால்பின் அதிர்ஷ்டம்.

கேள்வி (சிவகங்கை வாசகர்): தனுஷ்கோடியைப் பூநாரைச் சரணாலயம் ஆக்கிவிட்டார்களாமே. இனி பறவை பார்க்கவும் காசா?

பதில்: 2025 ஜூனில் அறிவித்தார்கள். குளிர்காலத்தில் வாருங்கள். கோதண்டராமர் கோயில் பக்கத்துத் தண்ணீரில் இளஞ்சிவப்பாக நிற்கும், சாலையிலிருந்தே தெரியும். காசு இருந்தாலும் இல்லாவிட்டாலும் வண்டியை விட்டிறங்கிக் கிட்டே ஓடாதீர்கள், ட்ரோன் விடாதீர்கள். பைனாகுலர் இல்லையென்றால் இருக்கிறவரிடம் கேட்டு வாங்கிப் பாருங்கள், யாரும் மறுப்பதில்லை.

கேள்வி (ராமநாதபுரம், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்): சுற்றுலாப் பயணிகளிடம் கட்டணம் வருகிறது என்று தெரிந்தால் அரசாங்கம் தன் பங்கைக் குறைத்துக்கொள்ளாதா? காவலர் சம்பளமே டிக்கெட்டை நம்பி நிற்கும் நிலை வராதா?

பதில்: ஐயா, எனக்கு வந்த கடிதங்களில் என்னை உட்கார வைத்து யோசிக்கச் சொன்னது உங்களுடையதுதான்.

எங்கள் கடலின் நாள்காட்டியை முதலில் பாருங்கள். தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று எழும்பிவிட்டால் தென்கடல், அதாவது மன்னார் வளைகுடா, கலங்கும். கண்ணாடிப் படகில் உட்கார்ந்தால் அடியில் காபித் தண்ணீர்தான் தெரியும். பாதி நாள் படகே இறங்காது. வாடைக் காலத்தில் வடகடல் கொந்தளிக்கும், புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறும். ஆக வருடத்தில் நல்ல வசூல் வருகிற மாதங்கள் சொற்பம். அதற்கு மேல் 2020 மாதிரி ஒரு வருடம் வந்தால்? ஊரடங்கில் ஒரு சீட்டுகூடக் கிழியவில்லை. உலகம் முழுக்க, டிக்கெட்டை மட்டும் நம்பியிருந்த பூங்காக்கள் காவலர் சம்பளத்துக்குத் திண்டாடின. கூட்டம் வராததால் வேட்டைக்காரர் வராமல் இருந்தார்களா என்ன? 2022 டிசம்பரில் பழைய பாம்பன் பாலத்தில் ரயிலை நிறுத்தினார்கள். 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறக்கும்வரை ரயில் மண்டபத்தோடு நின்றது. சாலை இருந்ததால் பிழைத்தோம். பயணிகள் வரத்து என்பது அப்படி எதன் மேலோ தொங்குகிற சங்கதி.

ஆகவே காவலர் சம்பளம், ரோந்துப் படகு, இவையெல்லாம் அரசு வரவுசெலவிலேயே இருக்க வேண்டும் என்பது என் கட்சி. டிக்கெட் காசு அதற்கு மேலே. வலை அகற்றுவது, குப்பை, ஊர்ப் பங்கு, பள்ளிப் பிள்ளைகளைத் தீவுக்குக் கூட்டிப் போவது என்று. இன்னொன்றும் இருக்கிறது. 2016இல் கடல் சூடாகிப் பவளம் வெளுத்துச் செத்ததே, அதை எந்த டிக்கெட்டும் தடுத்திருக்காது. அந்தப் பில்லை ராமேஸ்வரம் வருகிற குடும்பத்தின் தலையில் கட்டக் கூடாது.

பணம் வெளியே போய்விடாமல் வைக்க வழி இல்லாமல் இல்லை. வனவிலங்குச் சட்டத்தை 2006இல் திருத்தியபோது புலிக் காப்பகம் ஒவ்வொன்றுக்கும் ஓர் அறக்கட்டளை வைக்கச் சொன்னார்கள். பயணிகளிடம் வாங்கும் நுழைவுக் கட்டணம் அதில் சேரும், அந்தக் காப்பகத்துக்கும் அதை ஒட்டிய ஊர்களுக்கும் செலவாகும். அந்தப் பிரிவு புலிக்கு மட்டும். புலி அட்டவணையில் பவளத்தைச் சேர்த்தவர்கள் புலிப் பணப்பெட்டியிலும் சேர்த்திருக்கலாம். நீங்கள் மனு எழுதுங்கள் ஐயா, உங்கள் கையெழுத்து அழகாக இருக்கிறது. நான் இரண்டாவது கையெழுத்துப் போடுகிறேன்.

கேள்வி (தொண்டிப் பக்கம், இளைஞர்): காரங்காட்டைப் பார்த்து எங்கள் ஊரிலும் படகு, கயாக் விட அனுமதி கேட்டுக் குழு தொடங்கியிருக்கிறோம். அனுமதி வந்தால் கட்டணம் எவ்வளவு வைக்கலாம்? கணக்கு எப்படி வைப்பது? என்னைப் பொருளாளராகப் போட்டுவிட்டார்கள்.

பதில்: ஐயோ பாவம், வாழ்த்துகள்.

காரங்காட்டில் வனத்துறையும் ஊரும் சேர்ந்து நடத்துகிறார்கள். அலையாத்திக்குள் படகு போகிறது, ஊர்ப் பெண்கள் சமைத்த நண்டும் மீனும் கிடைக்கிறது. போய் ஒரு நாள் முழுக்க டிக்கெட் கவுன்டர் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். எவ்வளவு வைப்பது என்று நான் சொல்ல மாட்டேன். முதலில் செலவை எழுதுங்கள், கட்டணம் தானாக வரும். இரண்டையும் தனித்தனியாக அச்சடியுங்கள்: படகுக் கூலி ஒரு சீட்டு, காட்டுக் கட்டணம் இன்னொரு சீட்டு, வேறு நிறத்தில். ஒரே சீட்டில் போட்டால் நஷ்டம் வருகிற மாதம் காட்டுக் காசு டீசலாகிவிடும். எழுதி வைத்துக்கொள்ளுங்கள், நிச்சயம் ஆகும்.

சீட்டுப் புத்தகத்தில் வரிசை எண் அச்சாகியிருக்க வேண்டும். ரப்பர் ஸ்டாம்ப் வேண்டாம். அடிக்கட்டையில் தலை எத்தனை என்று எழுதாமல் சீட்டைக் கிழிக்கக் கூடாது. எனக்குத் தெரிந்த ஒரு கரையில் நன்றாகத்தான் நடந்துகொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் அவசரத்துக்கு அடிக்கட்டை எழுதாமல் கொடுக்க ஆரம்பித்தார்கள். "சாயங்காலம் எழுதிக்கலாம்" என்றார்கள். மூன்றாவது மாதம் வசூல் இவ்வளவு என்று ஒருத்தன் சொல்ல, இல்லை இவ்வளவு என்று இன்னொருத்தன் சொல்ல, அண்ணன் தம்பி ரெண்டு பேர் பேச்சுவார்த்தை நின்றது. யாரும் திருடவில்லை என்றுதான் நான் இன்றைக்கும் நம்புகிறேன். ஆனால் நிரூபிக்க ஒரு தாளும் இல்லை. படகு கரையில் கவிழ்ந்து கிடக்கிறது, அடியில் நாய் குட்டி போட்டிருக்கிறது.

தினம் வசூலை மறுநாள் வங்கியில் கட்டுங்கள். துறைப்பக்கம் ஒரு கரும்பலகை வையுங்கள்: நேற்று எத்தனை பேர், காட்டுக் கட்டணம் எவ்வளவு, இந்த மாதம் அதில் என்ன செலவு. தமிழில், கொட்டை எழுத்தில். வருகிறவர்கள் படிக்கிறார்களோ இல்லையோ, ஊர்க்காரர்கள் படிப்பார்கள். மரத்தடியில் உட்கார்ந்திருக்கிற பெரியவர்கள் கூட்டிச் சரிபார்ப்பார்கள், காசில்லாத தணிக்கை. நண்டு பிடிக்கிறவர்களும் இறால் தடவுகிறவர்களும் எந்த ஓடையில் இறங்கக் கூடாது என்று குழு சொல்கிறதோ, அவர்கள் பெயரையும் அந்தப் பேரேட்டில் ஒரு பக்கம் எழுதி வையுங்கள். பங்கு பிரிக்கும்போது அந்தப் பக்கத்தை முதலில் திறங்கள்.

அப்புறம், நனைந்த லைஃப் ஜாக்கெட்டைக் குவித்துப் போடாதீர்கள், பூஞ்சை பிடித்து அடுத்த ஞாயிறு நாறும். ரெண்டு மரத்துக்கு நடுவே நைலான் கொடி கட்டி நிழலில் காயப் போடுங்கள். கயிறு வாங்கிய ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.